கைக்குட்டை போட்ட இடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பஞ்சு வியாபாரக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் போய்க் கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேச ஆளில்லாமல், அட்டை கிழிந்த பழைய அகராதி ஒன்றை வாசிக்க ஆரம்பித்தேன். கதைப் புத்தகமென்றால் சீக்கிரம் முடிந்துவிடும். அகராதி இப்போதைக்கு முடியாது.

எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை பஸ்ஸில்தான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்த ஓர் அக்கா. எங்கள் ஊர்க்காரிதான், எனக்கு மூத்தவள். அவளுக்கு எனக்கு முன்பே வேலை முடிந்துவிடும். மில் ஷிப்ட் விடுகிற கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவிடுவாள். எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. சீட்டில் துணி கிடந்தால் அதைத் தள்ளிவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள். மிஞ்சிப் போனால் “ஆள் வருதா?” என்று கேட்பார்கள். நான் மூச்சிரைக்க வந்து, கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு உட்காருவேன்.

ஒரு நாள் அவளிடம் ‘தவிசு’ என்ற சொல்லைக் கொண்டுபோனேன். ஒருவர் அமர்வதற்கு இடப்படுவது என்று அகராதியில் பொருள்.

“உக்கார்றதுக்குப் போடுறதா? அப்ப எங்க வீட்டு எண்ணெய் டின்னும் தவிசுதான். எங்க மாமியார் அதக் கவுத்திப் போட்டுத்தான் உக்காருவாக.”

“அது எண்ணெய் ஊத்தச் செஞ்சதுக்கா. உக்காரவா செஞ்சாங்க?”

“செஞ்சதுன்னா போட்டிருக்கு? போடுறதுன்னுதான போட்டிருக்கு?”

சரியான வம்புக்காரி. மறுநாள் தேங்காய் துருவும் பலகையோடு வந்தாள், பேச்சில்தான். உட்காராமல் அதில் துருவ முடியுமா என்று கேட்டாள். உட்காருவது துருவத்தானே, ஓய்வெடுக்கவா என்றேன். டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டியை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை, சுடும் என்று. “சுடக் கூடாதுன்னு எங்கட்டி போட்டிருக்கு?” என்றாள். முன்சீட்டுப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

கடைசியில் வழக்கு கைக்குட்டையில் வந்து நின்றது.

“நான் ஒனக்குன்னு போடுறேன்லா, இது தவிசா இல்லையா?”

“இல்லக்கா. இதுமேல யாரு உக்கார்றா? எடுத்துட்டுத்தான உக்கார்றேன்.”

“எம்புட்டுப் பேருகிட்ட ஏச்சு வாங்கி இந்த எடத்தப் பிடிச்சு வச்சிருக்கேன்! நீ இல்லைங்கியே!”

அவளுக்கு நிஜமாகவே கோபம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்த பேச்சு அந்த அரை மணி நேரம்தான். வழக்கு முடிந்துவிட்டால் மறுநாள் எதைப் பேசுவது என்று பயமாக இருந்தது.

அந்த வருஷமே அவள் கணவர் புனலூரில் கடை போட்டார். குடும்பத்தோடு கிளம்பினார்கள். “வழக்கு அப்படியே கெடக்கட்டும். பொறவு வந்து பேசிக்கிடுவோம்” என்றாள். வரவில்லை.

அதன் பிறகு பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வந்தேன். எந்த சீட்டிலாவது கைக்குட்டை கிடப்பதைப் பார்த்தால் நெஞ்சு சட்டென்று ஏமாந்துபோகும். அது வேறு யாருக்கோ போட்டதாக இருக்கும்.

ஒரு நாள் ஆபீஸ் சீக்கிரம் விட்டது. காலியாக நின்ற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் கைக்குட்டையைப் பக்கத்து இடத்தில் போட்டிருந்ததை, ஒயர்கூடையோடு ஒரு பெண் வந்து கேட்டபோதுதான் கவனித்தேன்.

“ஆள் வருதா?”

“வாராக” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் நம்பி ஒதுங்கி நின்றாள். கூட்டம் ஏறியது. பஸ் கிளம்பியது. நிற்கிறவர்கள் எல்லோரும் அந்தக் காலி இடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குக் கையை நீட்டித் துணியை எடுக்க வரவில்லை. உட்காருவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் அது ஒருத்திக்கென்று போட்டது. அக்கா சொன்னதுதான் சரி, அது தவிசுதான். தோற்றுவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் தவிப்பாக இருந்தது.

மம்சாபுரம் விலக்கு வரும்போது கண்டக்டர் வந்தார். “ஏம்மா, ஆள் எங்க?”

கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒயர்கூடைக்காரி உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

“வரலையாக்கும்?”

“இல்ல” என்றேன்.