கழுவிய கோதுமை

ஆராய்ச்சிப் பண்ணையில் செடித்தொட்டி கழுவுபவருக்குப் பட்டப்பெயர் ‘சோப்பு’. தண்ணீரைக்கூடக் கழுவித்தான் குடிப்பார்.

வேரோடு ஒட்டி வாழ்ந்து, பயிர் வறட்சியைத் தாங்க உதவும் மண் பாக்டீரியாவைக் கருங்குழம்பாக்கி, கோதுமை விதைகளில் பூசி விதைக்கக் கொடுத்தார் ஆய்வாளர் அம்மா. சோப்புக்குப் பொறுக்கவில்லை. நுரை வரத் தேய்த்துக் கழுவி விதைத்தார். பாதியில் முதுகு பிடித்துக்கொள்ள, அங்கேயே வேலை செய்த மனைவி மீதியை அப்படியே விதைத்தாள்.

பயிர் முளைத்து வளர்ந்ததும் இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்தினார்கள். மனைவியின் தொட்டிகள் பச்சையாக நின்றன. கணவருடையவை துடைப்பமாயின.

“என்ன பண்ணீங்க?” என்றார் ஆய்வாளர்.

வேலை போயிற்று என்று நினைத்த சோப்பு, தொட்டி விளிம்பைத் துடைத்தார். “சுத்தம் பண்ணேம்மா.”

“என்னை மட்டுந்தாம்மா இன்னும் ஊறப்போடல” என்றாள் மனைவி.

ஒப்பிட்டுப் பார்க்கப் பூச்சில்லாத விதை போடவே மறந்திருந்த ஆய்வாளர், குரலைத் தாழ்த்தினார். “கழுவினது எதுன்னு அடையாளம் இருக்கா?”

“கழுவின எல்லாத்துலயும் ‘சுத்தம்’னு எழுதி ஒட்டியிருக்கேம்மா.”

“நல்லது. அடுத்த தடவையும் பாதியைக் கழுவிடுங்க.”

முப்பது வருடச் சுத்தத்துக்கு அன்றுதான் முதல் பாராட்டு, அதுவும் பயிரைச் சாகடித்ததற்கு.