சிற்றம்பலத்தாரின் கால்

முரசுமோட்டையில் சிற்றம்பலத்தார் என்றால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பயம். வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து வந்து குடியேறியவர். கோயிலில் புராணம் படிக்கும்போது பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்வது அவர்தான். சொல்லுகிற சாட்டில், மீன், இறைச்சி என்று மச்சம் தின்கிறவர்களை ஒரு பிடி பிடிப்பார். எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக்கூடாது. அடுத்த வளவுக்காரர் என்பதால் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள் காலை. வாய்க்கால் பக்கமிருந்து சிற்றம்பலத்தார் நொண்டிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் விழுந்தார்.

“பாம்பு கடிச்சுப்போட்டுது!”

அவர் மனைவி இராசேஸ்வரி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கயிறெடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, வண்டிலில் ஏற்றி, விஷகடி வைத்தியம் பார்க்கும் ஏரம்புப் பரியாரியாரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் மனிதர் துடித்தார். கால் நீலம் பாரித்து வீங்கிக்கொண்டே வந்தது. மாடுகளை அடித்த அடியில் என் கையே நொந்தது. எனக்கு அவ்வளவு பதற்றம்.

பரியாரியார் வீட்டில் ஊர்ச்சனம் கூடிவிட்டது. அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கிட்ட ஒரேயொரு ஓட்டை.

“எனக்கு இது பாம்புக்கடி மாதிரித் தெரியேல்லை. சேத்துக்குள்ளை கிடக்கிற சுங்கான் மீன் முள்ளாலை குத்தினதோ?”

“சஷ்டி விரதகாரனிட்டைக் கேக்கிற கேள்வியோ இது? பாம்புதான்!”

பரியாரியாரின் கை கயிற்றுக் கட்டுவரை போய்த் திரும்பி வந்தது.

“பாம்பெண்டால் இதை இப்ப அவிழ்க்கப் பயமாக் கிடக்கு, உயிர் போயிடும். மீனெண்டால் உடனை அவிழ்க்கவேணும், இல்லாட்டிக் கால் போயிடும். உண்மையைச் சொல்லும்.”

சிற்றம்பலத்தார் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். விரல்கள் கறுத்துக் குளிர்ந்துவிட்டன. கிள்ளிப் பார்த்தேன், அவருக்குத் தெரியவில்லை. விதைப்புக் காலம். ஒற்றைக் காலோடு இந்த மனிதர் எப்படி வயலில் இறங்குவார்? வாயைத் திறவுமையா என்று கத்தவேண்டும் போலிருந்தது.

இராசேஸ்வரி சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

“சுங்கான்தான், பரியாரியார். நான்தான் மீன் வேணுமெண்டு கேட்டனான். அதுதான் தூண்டிலோடை போனவர்.”

பரியாரியார் உடனே கட்டை அவிழ்த்தார். வெந்நீர் வைக்கச் சொல்லி, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, காலை அதில் இறக்கினார். முறிந்து உள்ளே நின்ற முள்ளைச் சாவணத்தால் இழுத்தெடுத்தார். அரைமணி நேரத்துக்குமேல் நாங்கள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நோவு தணிந்த பிறகுதான் சிற்றம்பலத்தார் அழுதார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் விக்கி விக்கி அழுதார். கூரை இறப்பில் செருகியிருந்த தூண்டிலைக் காலையில் காணவில்லை என்பதை வைத்தே அவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கிறாள். அங்கே நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான்கூட. இராசேஸ்வரி பிறந்ததிலிருந்து மச்சம் வாயில் வைத்தவளல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.