வெள்ளைத் துணி போர்த்திய வகுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதம். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் தினக்கூலியாக இருந்தேன். அதற்கு முன் சாலை பஜாரில் மூட்டை தூக்கினேன். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கல் சுமந்தேன். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பிய எனக்கு எந்த ஊரிலும் அதிக நாள் கால் தரிக்காது.

கல்லூரிக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குத் தூசியும் வெயிலும் ஆகாதென்று ஒரு வகுப்பறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்தவர்களில் நானும் ஒருவன். பிறகு ஆபீஸ் சூப்பிரண்டு என்னையே அந்த அறை வாசலில் உட்காரவைத்தார். ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்; கரண்ட் போனால் உடனே கதவைத் திறந்துவிட வேண்டும்.

“எடோ பாண்டி, மெஷீன் எப்பவும் தணுத்து இருக்கணும், கேட்டோ? நீ வேர்த்துச் செத்தாலும் சாரமில்ல” என்றார். மலையாளி; தமிழர் எல்லாரும் அவருக்குப் ‘பாண்டி’தான். எனக்காகத் தமிழைக் கலந்து பேசுவார்.

அறைக்குள் ஒரு சார் இருந்தார். கம்ப்யூட்டர் பாடம் நடத்த வந்தவர். என்னைவிட இளையவர், நாஞ்சில் நாட்டுக் குடும்பம். ஆனால் படிக்கப் பிள்ளைகள் இல்லை. கல்லூரிக் கமிட்டிக் கூட்டத்துக்கு டீ கொண்டுபோனபோதுதான் காரணம் தெரிந்தது. மெஷின் இந்த வருஷத் திட்டத்தில் இருந்தது. பாடத்துக்குப் பல்கலைக்கழக அனுமதி அடுத்த வருஷம். பிள்ளைகளைச் சேர்ப்பது அதற்கும் அடுத்த வருஷம். சாரை மட்டும் மெஷினோடு சேர்த்து வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அதுவரை அவர் என்ன செய்வார் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

ஒருநாள் மதியம் உள்ளே குரல் கேட்டது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தேன். தூசி படாமலிருக்க நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையின் பச்சை வெளிச்சத்தில் யாரோ வரிசையாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவற்றின் முன் நின்று சார் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். “ரோல் நம்பர் ஒன்.” சற்றுப் பொறுத்துத் தலையசைத்தார். “டூ.” மறுபடியும் தலையசைப்பு. ஏழாம் எண்ணை மட்டும் இரண்டு முறை கூப்பிட்டார். “செவன் இன்னைக்கும் வரல்லியா?” என்று முகம் சுளித்தார். பாடம் தொடங்கியது. நடுவில் ஏதோ கேள்வி கேட்டார். ஏ.சி. காற்றில் பின்வரிசைத் துணி ஒன்று மெல்ல எழும்பியது. “சரி, உக்காரு” என்றார். துணி அடங்கியது.

போய்ச் சூப்பிரண்டிடம் சொன்னேன். “படிச்ச ஆளுங்க அப்படியாணு. நீ ஏ.சி.யை நோக்கு” என்று அனுப்பிவிட்டார். தினமும் மதியம் அந்த வகுப்பு நடந்தது. நானும் பழகிக்கொண்டேன்.

ஒரு மதியம் கரண்ட் போனது. கதவைத் தள்ளினேன், உள்ளே தாழ்ப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரே கறுப்பு. அந்த இருட்டுக்குள் பாடம் நடந்துகொண்டிருந்தது.

“சார், கதவைத் திறங்க!”

“கிளாஸ் நடக்கு. அப்புறம் வாங்க.”

கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. கோடை விடுமுறை; கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை. காற்று நுழைய ஒரு துவாரம்கூட விடாமல் அடைத்தது நாங்கள்தானே; உள்ளே வெந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். சாரின் குரல் குழறியது. வாக்கியங்கள் பாதியில் நின்றன. திடீரென்று முதலிலிருந்து ஆஜர் எடுக்க ஆரம்பித்தார். எண்ணுக்கு எண் இடைவெளி நீண்டது. “சிக்ஸ்” என்பது முனகலாகத்தான் வந்தது. பிறகு, “செவன்.”

ஏன் செய்தேனோ தெரியாது. “பிரசன்ட் சார்!” என்று கத்தினேன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கால்கள் தரையில் உரசும் ஓசை. தாழ்ப்பாள் விலகியது.

தொப்பலாக நனைந்து நின்றார். அப்படியே என்மேல் சாய்ந்தார். வராந்தாவில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, மத்தவங்க எல்லாம் ஒழுங்கா வருவாங்க. செவன் மட்டும் ஒருநாளும் வந்ததில்ல, கேட்டேளா?”

மறுநாள் அவருடைய அண்ணன் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். கமிட்டி கூடியது. டீ கொண்டுபோனேன். மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அறையைத் தொடர்ந்து குளிராக வைத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்தேன். உள்ளே ஆளில்லை, குரலும் இல்லை. ஆனாலும் மதியமானால் யாரோ என்னைக் கூப்பிடப்போகிறார்கள் என்று காது தானாகக் காத்திருக்கும். ஒருநாள் என்னையறியாமல் “பிரசன்ட் சார்” என்று வாய் திறந்துவிட்டது. அன்றே அறைச் சாவியைச் சூப்பிரண்டின் மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சார் குணமானாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊரிலாவது பெரிய திட்டம், புதிய கட்டடம் என்று பேச்சு எழுந்தால், அதற்குள் முதல் நாள் தன்னந்தனியாக நிற்கப்போகிற மனிதர் யார் என்றுதான் என் மனம் இன்றும் தேடுகிறது.