வேன் வருவதற்குள்

நான் வேலை பார்த்த கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியபோது நீங்கள் இரண்டு பேரும் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தீர்கள். மத்திகிரி வாடகை வீட்டை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஆனதும், நானும் உங்கள் அம்மாவும் தளி ரோட்டில் ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனோம். அங்கே ஒரு குதிரைக்குட்டி இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தது கடைசியில்தான். அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன், எனக்கு வருகிற மாதிரி எழுதுகிறேன்.

தோட்டத்து முதலாளி பெங்களூரில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வருவார், குதிரைகளைத் தடவிக் கொடுப்பார், போட்டோ எடுப்பார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். அஞ்செட்டிப் பக்கம் மாடு மேய்த்த பழக்கம்தான் எனக்கு, குதிரையைத் தொட்டதுகூட இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாலு கால்தானே, பழகிக்கொள்ளலாம் என்றார். மாட்டை அவிழ்த்து விட்டால் பொழுதானதும் அதுவாகக் கொட்டகைக்கு வந்துவிடும். குதிரை அப்படி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கே இரண்டு குதிரைகள். ஒன்று வயதான வெள்ளைக் குதிரை. இன்னொன்று இரண்டு வயது நிரம்பாத பெண் குட்டி. செம்பட்டை நிறம். இரண்டு காதும் நுனியில் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முதலாளியின் தோட்டம் என்பது லாயமும் நாங்கள் தங்கிய அறையும் மட்டும்தான். குதிரைகளை அவிழ்த்து விடுகிற வயல் பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. சிநேகத்துக்காக விட்டிருந்தார். அந்த வயலுக்கு நடுவில்தான் ரோஜா கம்பெனிக்குப் போகிற மண் பாதை போகும். பாதையின் முனையில் ஒரு இரும்பு கேட். கேட்டுக்கு வெளியே தார் ரோடு. கல் ஏற்றிய லாரியும் கம்பெனி பஸ்ஸும் நிற்காமல் போகிற ரோடு அது.

காலையில் வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ரோஜா கம்பெனி வேன் வரும். அதற்குப் பிறகு இருட்டும் வரைக்கும் கேட் திறந்தே கிடக்கும். பூப்பெட்டி ஏற்ற டெம்போ போவதும் வருவதுமாக இருக்கும். ஆகவே, விடிந்ததிலிருந்து வேன் வருவது வரைக்கும்தான் குதிரைகளுக்கு வயல். பாதைக்கு ஓரமாக வேலி போடலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். அடுத்தவர் நிலத்தில் நாம் எப்படிக் கம்பம் நடுவது என்றார். அதுவும் சரிதான்.

வெள்ளைக் குதிரை இருந்த வரைக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. கயிற்றைக் கண்டதும் அதுவே வந்து தலையை நீட்டும். அதை முன்னால் நடத்திக்கொண்டு போனால் குட்டி பின்னாலேயே வந்து லாயத்தில் நுழைந்துவிடும். இரண்டு குதிரையையும் நான் பிடித்துக் கட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாத மழையில் வெள்ளைக் குதிரைக்கு வயிற்றுவலி கண்டது. படுத்துப் புரண்டது, எழுந்தது, மறுபடி படுத்தது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார். விடியவில்லை, போய்விட்டது. ஜேசிபி வரவழைத்து லாயத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். குட்டி அந்த ஈர மண்ணை மோந்துகொண்டே நின்றது. கொள்ளு வைத்தேன், தொடவில்லை.

அதற்கு அடுத்த நாள் குட்டியைத் தனியாக அவிழ்த்து விட்டேன். வேன் வருகிற நேரம் கயிற்றோடு போனேன். ஓடியது. பயந்து ஓடவில்லை. கை எட்டுகிற தூரம் வரைக்கும் என்னை வர விடும், பிறகு ஒரு திருப்பு திரும்பிப் போய்விடும். நானும் திரும்புவேன். அது இன்னும் தள்ளிப் போகும். கேட்டுக்கு வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாகப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். கடைசியில் அதற்கே தாகம் எடுத்து லாயத்துக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் கதவைச் சாத்தினேன்.

அந்தக் குட்டியை இதுவரைக்கும் யாருமே பிடித்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அது ஒரு துணைக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இப்போது துணை மண்ணுக்குள் இருந்தது.

இப்படியே சில நாள் போனது. ரோஜாவை வெயில் ஏறுவதற்குள் மொட்டாக வெட்டிவிட வேண்டும். வேன் வெளியே நிற்க நிற்க உள்ளே பூ விரிந்துகொண்டிருக்கும். உங்கள் அம்மாவும் அந்தக் கம்பெனியில்தான் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் அவளுக்குத்தான் பேச்சு விழுந்தது. விஷயம் முதலாளி காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் லாயத்து வாசலிலேயே நின்று சொன்னார்.

“புடிக்க முடியலன்னா வெளிய விடாதப்பா. உள்ளயே இருந்தா அதுக்கும் சேஃப், எனக்கும் சேஃப்.”

“உள்ளயே இருந்தா அது கெட்டுடும் சார். கொஞ்ச நாள் குடுங்க, புடிச்சிக் காட்டறன்.”

“சரி. ஆனா வேன்காரங்க எனக்கு ஒரு போன் பண்ணாங்கன்னா, அன்னிக்கே நிறுத்திடணும்.”

குட்டிக்கு இருந்தது நாளைக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான். அது போய்விட்டால் மற்றதெல்லாம் நாலு சுவர். மழையென்று நான் விடாத நாட்களில் அதைப் பார்த்திருக்கிறேன். கதவுப் பலகையைக் கடித்துக்கொண்டு, முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே நிற்கும். வைத்த தீனி அப்படியே இருக்கும். கம்பெனியிலிருந்து நிறுத்தப்பட்டு மத்திகிரி வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் அப்போது எனக்கு நினைவுக்கு வரும். எப்படியாவது இந்த நேரத்தை அதற்குக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

முதலில் எல்லாத் தப்பும் செய்தேன். வாளியில் கொள்ளு கொண்டுபோனேன். கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டுப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நீளக் கயிற்றைப் பிடித்து மூலையில் மடக்கினோம். தாண்டிக் குதித்து முழங்காலைக் கிழித்துக்கொண்டது. தலைக்கயிற்றில் ஒரு முழம் தொங்க விட்டு அனுப்பினேன். அதைத் தானே மிதித்து, தலை வெடுக்கென்று இழுபட்டு, அதன் பிறகு கயிற்றைக் கண்டாலே இன்னும் தூரம் போனது.

ஒரு நாள் மழைக்கு லாயத்தில் உட்கார்ந்து யோசித்தேன். நான் எதற்காக அதன் கிட்டே போகிறேன்? உள்ளே கொண்டுபோய் அடைக்கத்தான் போகிறேன். பிறகு எந்த உயிர் நிற்கும்?

அன்றிலிருந்து லாயத்துக்குள்ளேயே கயிறு போடுவேன், கழுத்தைச் சொறிந்து கொடுப்பேன், கழற்றிவிடுவேன். மறுபடி போடுவேன், கழற்றுவேன். வயலிலும் அப்படித்தான். நேராகப் போகாமல் சாய்வாக நடந்து போவேன், தோளைத் தொடுவேன், அது விலகுவதற்கு முன்னால் நானே விலகி வந்துவிடுவேன். ஒரு நாள் நின்றது. கயிறு போட்டேன். வேன் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. ஆனாலும் கழற்றி விட்டுவிட்டேன். அது கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி என்னைப் பார்த்தது. வேலைக்குக் கிளம்பி நின்ற உங்கள் அம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இந்த வழிக்கு நேரம் வேண்டும். எங்களுக்கு இல்லாதது அதுதான். அதற்கு வழி செய்தது உங்கள் அம்மாதான். நான் கேட்கவில்லை. அவளாகவே அந்தப் பெண்களிடம் பேசியிருக்கிறாள். குட்டி பிடிபடாத நாட்களில் வேன் கேட்டுக்கு வெளியே நின்றுவிடும். பெண்கள் இறங்கி, கேட்டில் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, உள்ளே வந்து சாத்திவிட்டு, மண் பாதையில் கம்பெனி வரைக்கும் நடந்து போவார்கள். சேறு, பனி, கையில் சோற்றுப் பை. சும்மா நடக்கவில்லை, பேசிக்கொண்டேதான் நடந்தார்கள்.

“ஏக்கா, உங்க வூட்டு மகாராணி குளிச்சி முடிச்சாளா? நாங்க உள்ள வரலாமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இன்னும் பவுடர் போடல. நீங்க நடங்க” என்றாள் உங்கள் அம்மா.

“எங்கூட்டுக்காரரு என்னைய இப்பிடிக் கெஞ்சி இருந்தாருன்னா நான் எதுக்குடி பூ வெட்ட வர்றன்” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மழைக்காலத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டி நெருங்கியது. வேன் வெளியே நிற்கிற நாட்கள் குறைந்தன. ஒரு காலை, பனி விலகாத நேரம், நான் வயல் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். புல் நசுங்குகிற சத்தம் பின்னால் வந்தது. தோளில் சூடாக மூச்சு பட்டது. திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினேன். மூக்கை உள்ளங்கையில் வைத்தது. கயிறு போட்டுக்கொண்டு உள்ளே நடந்து வந்தேன். அதைச் சொல்ல உங்கள் அம்மாவைத் தேடினேன், அவள் அதற்குள் வெட்டுக்குப் போயிருந்தாள்.

அதற்கு அடுத்த நாள் பிடிபடவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தது. அப்படித்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் தினமும் வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

பிறகு ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட காலையில் நான் அவிழ்த்து விட்டேன். குட்டிக்கு அடைந்து கிடந்த வேகம், வயலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கிட்டேயே வரவில்லை. வேன் வெளியே நின்றது. பெண்கள் இறங்கி நடந்தார்கள். பாதை சேறாகி வழுக்கியது. உங்களுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினார்களே, தளிக்காரம்மா, அவர்கள்தான் வழுக்கி விழுந்தார்கள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர்கள் சத்தம்கூடப் போடவில்லை. சோற்றுப் பை எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அன்று மாலை ரோஜா கம்பெனி சூப்பர்வைசர் எங்கள் அறைக்கு வந்தார். சின்னப் பையன், தெலுங்குக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அந்தக்கா கை ஒடஞ்சி கட்டுப் போட்டிருக்கு. நாளைக்கு இன்னொருத்தர் வுழுந்தா நான் என்னா பதில் சொல்றது? நாளையிலருந்து வேன் நேரா உள்ள வந்துரும்ணா.”

“நீ சொல்றது நாயந்தாம்ப்பா” என்றேன்.

அவர் முதலாளிக்கும் போன் செய்திருந்தார். முதலாளி என்னைத் திட்டவில்லை. முன்னாலேயே சொன்னேன் இல்லையா, இனி உள்ளேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். கம்பெனியில் உங்கள் அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மகாராணி என்று கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள். மதியம் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தாள். கேலியாவது செய்தால் தேவலை என்று ஒரு நாள் சொன்னாள்.

நான் தினமும் குட்டியைக் கயிற்றில் பிடித்து லாயத்தைச் சுற்றி நடத்தினேன். முதல் வாரம் இழுத்தது, உதைத்தது, வேன் சத்தம் கேட்டால் வயலைப் பார்த்துக் கனைத்தது. பிறகு கனைப்பது நின்றது. பிறகு உதைப்பதும். ஆடிக்கொண்டு நிற்பது மட்டும் நிற்கவில்லை. கயிறு போடப் போனால் அசையாமல் நின்றது. முதலாளி பெங்களூரிலிருந்து கூட்டி வந்த சிநேகிதர்கள்கூட அதற்குக் கயிறு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்லாப் பழக்கிட்டப்பா என்று முதலாளி என் முதுகில் தட்டினார்.

தீபாவளிக்கு நீங்கள் வந்தீர்கள். அன்றைக்கு ரோஜா கம்பெனிக்கு விடுமுறை. வேன் கிடையாது, டெம்போ கிடையாது, கேட் பூட்டியிருந்தது. எனக்கு ராத்திரியிலிருந்தே அதே நினைப்பாக இருந்தது. விடிந்ததும் குட்டியை வயலுக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் இரண்டு பேரும் புதுத்துணியோடு லாயத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள். நடு வயலில் கயிற்றைக் கழற்றினேன். ஓடட்டும் என்று அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போனேன். திரும்பிப் பார்த்தால் கழற்றின இடத்திலேயே நின்றது. கையைத் தட்டினேன். துண்டை வீசினேன். போ, போ என்று சொல்லிப் பார்த்தேன். வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து நீங்கள் சிரித்தீர்கள்.

திரும்பி நடந்து வந்து கயிற்றைப் போட்டேன். அப்பா எவ்ளோ ஈசியாப் புடிச்சிட்டாரு பாரு என்று பெரியவள் தம்பியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“இன்னொரு வாட்டி அவுத்து விட்டுப் புடிப்பா” என்றான் சின்னவன்.

அவிழ்த்தேன். குட்டி தலையைத் தூக்கவில்லை. கயிறு மறுபடி ஏறுவதற்குத் தாழ்த்தியே வைத்திருந்தது. அன்றைக்கு முழுப் பகலும் அந்த வயல் அதற்குத்தான்.