கூச்சிங்குக்குப் பறந்த முட்டைகள்

என் தொட்டியில் இருந்த கடைசிக் கில்லி மீன் சித்திரையில் செத்தது. அதன் ஆயுளே ஒரு வருடத்துக்குள்தான் என்பதால் பெரிய வருத்தமில்லை. முட்டைகளை ஈரமான தேங்காய் நார்த்தூளில் கலந்து, இரண்டு சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரில் போட்டால் பொரிக்கும். பொரிக்காவிட்டால் அந்த மீன் எனக்கு இனி இல்லை.

கடல் தாண்டிக் கூச்சிங் நகரில் உள்ள நண்பர் ஒரு பை கேட்டார். அவரும் இதே மீனை வளர்த்துப் பறிகொடுத்தவர். எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து பை தபால் விமானத்தில்தான் போக வேண்டும். விமான நிலையத்தில் எக்ஸ்ரே உண்டு. நண்பரிடமே போனில் கேட்டேன்.

“அண்ணே, எக்ஸ்ரே பட்டா கரு செத்துடாதா?”

“ஒரு செகண்ட் பாக்குறான். அதுக்குள்ள வெந்தா போயிடும்? அனுப்புலா தம்பி.”

“போன தடவ பிளேன்ல நாசி லெமாக் கொண்டு போனோம். எக்ஸ்ரேல போனதத்தான சாப்பிட்டீங்க?” என்றாள் மனைவி.

“நாசி லெமாக் பொரிக்க வேண்டியதில்லையே.”

இருந்தாலும் ஒரு பையை அனுப்பினேன். மற்றதை என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். ஞாயிறுதோறும் காலையில் அதைத் திறந்து, தூளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்த்து டைரியில் குறித்தேன்.

குறித்த நாளில் இருவரும் முட்டைகளைத் தண்ணீரில் இட்டோம். மதியத்துக்குள் நண்பர் அழைத்தார். முப்பது குஞ்சுக்கு மேல் நீந்துகிறதாம். என் தட்டில் மறுநாள் காலை வரை ஒன்றுமில்லை. நண்பரை அழைத்துச் சொன்னேன்.

“பைய என்னாப்பா செஞ்ச?”

டைரியைப் படித்துக் காட்டினேன். திறந்தேன், பார்த்தேன், மூடினேன். பன்னிரண்டு ஞாயிறு.

அவர் சிரித்து முடிக்க நேரமானது. “எக்ஸ்ரே ஒரு தடவதான் பாத்துச்சு. நீ பன்னெண்டு தடவ பாத்துருக்க! ஈரமெல்லாம் போயிருக்கும்லா.”

பையில் ஒட்டியிருந்த மிச்சத் தூளை விரலால் தேய்த்தேன். மொறமொறவென்று உதிர்ந்தது. அதிலிருந்த இரண்டு முட்டைகளும் குழி விழுந்து கிடந்தன.

அவருடைய மீன்கள் வளர்ந்து முட்டையிட்டதும் எனக்கு ஒரு பை அனுப்பினார். அதுவும் எக்ஸ்ரேயைத் தாண்டித்தான் வந்திருக்கும், நான் கேட்கவில்லை. பிரிக்காமலே மனைவியிடம் கொடுத்தேன். அவள் எங்கே வைத்தாள் என்று சொல்லவில்லை. ஞாயிறுதோறும் டைரியில் ஒரே வரி எழுதினேன்: திறக்கவில்லை.

போன வாரம் பையை அவளே எடுத்துத் தந்தாள். இப்போது தொட்டியில் பதினெட்டுக் குஞ்சுகள்.