மகளுக்குக் குளிசை கொடுப்பதா வேண்டாமா

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு சத்தம் போடுகிற பிள்ளை யாராவது இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையும் இருக்கலாம். என் மூத்த மகள் அப்படித்தான். அவளுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்னபோது அந்தச் சொல்லை எனக்கு எழுதக்கூடத் தெரியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்டியில் ஓர் இரும்புக் கடையில் ஆணி, கம்பி நிறுத்துக் கொடுக்கிற வேலை. ஆகவே பெரிய விளக்கம் தர என்னால் ஆகாது. அவளுக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று நானும் அவள் அம்மாவும் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். அதில் நான் விட்ட பிழையையும் சொல்கிறேன்.

அப்போது யுத்த காலம். நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் இருந்தோம். கண்டியில் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. காலையில் கடைக்குப் போகும்போது நான் கூட்டிப் போய் விடுவேன். மத்தியானம் அம்மா போய் அழைத்து வருவாள். கண்டிக்குப் போகிற பஸ்ஸை ஆமிக்காரர்கள் சோதனைக்காகப் பாலத்தடியில் நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும்.

மகளுக்கு எட்டு வயது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் "ம்ம்ம்" என்று ஒரே மாதிரி இழுத்துப் பாடிக்கொண்டே வருவாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏறின பஸ் கண்டியில்தான் நிற்க வேண்டும். நடுவில் இறங்கச் சொன்னால் அவளால் தாங்க முடியாது. கத்துவாள். இடது கையைக் கடிப்பாள். கடித்த இடத்தையே மறுபடி மறுபடி கடித்து, அந்தப் புண் ஆறவே இல்லை.

ஒரு நாள் அவள் இருக்கைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்துவிட்டாள். ஆமிக்காரர் ஒருவர் துவக்கோடு பஸ்ஸுக்குள் ஏறினார். சின்ன வயதுக்காரர்தான். அவருக்கும் பயம். அவளுடைய புத்தகப் பையைக் காட்டி, "அதற்குள் என்ன? ஏன் கத்துகிறாள்?" என்று கேட்டார். நான் குனிந்து மகளின் வாயைப் பொத்தினேன். அவள் என் உள்ளங்கையைக் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பொத்தினேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முன் இருக்கையில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர்தான், "சொகமில்லாத புள்ள மாத்தயா, விடுங்க" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொல்லிக் காப்பாற்றினார்.

மகள் கையைக் கடிப்பதைக் குறைக்க டொக்டர் ஏற்கனவே ஒரு மருந்துக் குளிசை எழுதித் தந்திருந்தார். அந்தக் காகிதத் துண்டைக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தோம். அன்று வேலை விட்டு வந்ததும் அதை எடுத்தேன்.

"குடுத்துப் பாப்போமே" என்றேன்.

"எதுக்கு? பொம்ம மாதிரி உக்கார வைக்கவா?" என்றாள் அம்மா.

"அவ கையப் பாத்தியா நீ?"

"நான்தானே தெனமும் மருந்து பூசுறேன். நீங்க புள்ள கையப் பாத்துப் பேசல. ஆமிக்காரனப் பாத்துப் பேசுறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் சிலநேரம் அப்படித்தான் வரும். ஒரு கிழமை, ஏழு நாளும் இதே பேச்சு. கடைசியில் அவள் இனிப்பான கித்துள் பாணியில் பாதிக் குளிசையைக் குழைத்து என் கையில் தந்து, "நீங்களே குடுங்க" என்றாள்.

மூன்றாம் கிழமையே பாலத்தடியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கினாள். எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி. கடையில் முதலாளிகூட, "என்னப்பா, இப்ப நேரத்துக்கு வாற?" என்று சிரித்தார். கைப் புண்ணும் காய்ந்தது.

ஆனால் வேறு சில நடந்தன. மகள் பகலிலும் தூங்கி விழுந்தாள். வாயோரம் எச்சில் வடிந்தது. சோற்றுச் சட்டியை விட்டு நகரமாட்டாள். போட்ட சட்டை ஒன்றும் உடம்பில் ஏறவில்லை. பஸ்ஸில் அந்தப் பாட்டு நின்றே போனது. அம்மா அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "புள்ள எங்கங்க போனா?" என்று கேட்டாள். "இங்கதானே இருக்கா" என்றேன் நான்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக். வெளியே வாங்கில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனோம். டொக்டர் சிங்களப் பெண். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நல்லா இருக்கிறாள் மிஸ். பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றேன்.

"தூக்கம், சாப்பாடு?"

"எல்லாம் நல்லது மிஸ்."

"அப்படியானால் முன்பு சொன்ன மாதிரி முழுக் குளிசைக்குப் போகலாம்" என்று கொப்பியில் எழுதினார். நான் தலையாட்டினேன்.

பிள்ளைகளே, ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். தமிழரின் வீடுகளை எரித்த கலவரத்தின்போது நான் இளந்தாரி. நான் தங்கியிருந்த அறையை எரித்துவிட்டார்கள். காலில் கிடந்த செருப்புத்தான் மிச்சம். பிறகு பொலிஸில் கூப்பிட்டு, "உனக்கு ஏதாவது பாதிப்பா?" என்று கேட்டார்கள். "ஒன்றும் இல்லை சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆம் என்றால் இன்னும் பத்துக் கேள்வி வரும். பெயர் எழுதுவார்கள். ஊர் கேட்பார்கள். அதன் பிறகு மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்து சிங்களத்தில் கேட்டாலும் என் வாயில் அந்தப் பதில்தான் முதலில் வரும். எங்கள் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். டொக்டரின் மேசையும் எனக்கு அந்த மேசையாகவே தெரிந்தது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். அவளுக்குச் சந்தைச் சிங்களம் மட்டும்தான் தெரியும்.

"எல்லாம் சொன்னீங்களா? எச்சி வடியிறது, தூங்கித் தூங்கி விழுறது?"

நான் கொப்பியைச் சுருட்டிப் பிடித்தேன்.

"என்னத்தத்தான் சொன்னீங்க?"

"நல்லா இருக்கான்னு..."

"அட கடவுளே! வாயில என்ன, கடையில விக்கிற பூட்டா?" என்றாள். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையையும் பாராமல், மறுபடி உள்ளே போய்விட்டாள். "ஏய், நோனா, வரிசை!" என்று யாரோ கத்தினார்கள். நான் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அவள் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்: "மிஸ், இவர் சொன்னது பொய். இவருக்குப் பயம். பிள்ளை நாள் முழுக்கத் தூக்கம். வாயில் தண்ணி. பாட்டு இல்லை." தெரியாததைக் கையால் காட்டினாள்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நான் மருந்து எழுதுகிறேன். இவளால் சொல்ல முடியாதே" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். இந்த மருந்து ஓட்டிசத்தைச் சுகப்படுத்தாது. கையைக் கடித்துக் காயப்படுத்துவதைக் குறைக்கும். சில பிள்ளைகளுக்குக் குறைந்த அளவே போதும். நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. "மருந்தால் எது போக வேண்டும் உங்களுக்கு? கடிப்பதா, கத்துவதா?"

"கடிக்கிறதுதான்" என்றேன். ஆனால் என் மனதில் வந்தது மற்றது. பாலத்தடியில் அவள் கத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை நாளும் நான் அந்தக் குளிசையைக் கொடுத்தேன். அவளுக்கு நோகிறதா என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்தேன். இதை அன்று டொக்டரிடம் சொல்லத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள்.

முழுக் குளிசை என்று எழுதியதை டொக்டர் வெட்டினார். அளவைக் குறைத்து, பின்னேரத்தில் மட்டும் கொடுக்கச் சொன்னார். எந்த நேரத்தில் கத்துகிறாள் என்று கேட்டார். பஸ்ஸில் இருந்து நடுவில் இறங்கும்போது என்றாள் அம்மா. "அப்படியானால் நடுவில் இறக்குகிற பஸ்ஸில் ஏன் ஏற்றுகிறீர்கள்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த நாளிலிருந்து அரை மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிட்டு, பாலத்தை நடந்தே கடந்து, அந்தப் பக்கத்தில் பஸ் ஏறினோம். நடந்து வந்தாலும் சோதனை உண்டுதான். ஆனால் அவளுக்கு வரிசையில் நிற்பது பிரச்சினையே இல்லை. ஏறின பஸ் கண்டியில் நின்றது. இரண்டு மாதத்துக்குள் பஸ்ஸில் பாட்டும் வந்துவிட்டது. சில நாள் அவ்வளவு சத்தமாகப் பாடுவாள், கொண்டக்டரே திரும்பிப் பார்ப்பார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சுகம். ஒரு வருடத்துக்குப் பிறகு டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குளிசையை நிறுத்திப் பார்த்தார். அம்மாவுக்குச் சந்தோஷம். மூன்று நான்கு மாதம் நன்றாகப் போனது. பிறகு, பஸ்ஸும் இல்லை, சோதனையும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இருந்தபடியே கையைக் கடிக்கத் தொடங்கினாள். ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பல்லைப் பார்த்தோம், காதைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கடிக்கும்போது அவளும் அழுதாள். பழைய புண் மறுபடி திறந்தது.

நான் மருந்துப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. கொடுப்போம் என்று மனம் சொன்னால், அது யாருக்காகச் சொல்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் அம்மா மகளின் கையைத் தன் மடியில் வைத்துப் புண்ணுக்குச் சீலைத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நாளைக்கு லீவு சொல்லுங்க. டொக்டர்கிட்டப் போறோம். திருப்பி ஆரம்பிக்கச் சொல்லிக் கேப்போம்" என்றாள்.

"நீ வேணாம்னு சொன்னவளாச்சே."

"அன்னைக்கு அவளுக்கு நோகுறது எனக்கு இவ்ளோ வெளங்கல" என்றாள். "இங்க வந்து இந்த முனையப் புடிங்க."

நான் உட்கார்ந்து முனையைப் பிடித்தேன். அவள் முடிச்சுப் போட்டாள்.