செல்லப்பாக்கியத்தின் பேதி மருந்து

எங்கள் அம்மா செல்லப்பாக்கியத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கு வரும் எல்லாத் தொல்லைக்கும் வயிற்றுப் பூச்சிதான் காரணம். கணக்கில் மார்க் குறைந்தால் பூச்சி. எதிர்த்துப் பேசினால் பூச்சி. அப்பா வைத்தியலிங்கம் மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீஸில் அவர் குரலுக்கு எல்லோரும் நடுங்குவார்களாம். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அங்கே ஆட்சி அம்மாவுடையது, ஆயுதம் பேதி மருந்து.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் மற்றப் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். நானும் அண்ணன் அம்பிகைபாகனும் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். விடுமுறையின் முதல் சனிக்கிழமை எங்களுக்குப் பேதி. யாழ்ப்பாணத்தில் அம்மா பிறந்த வீட்டு வழக்கம் அது. ஜொகூருக்குக் கப்பலேறி வந்துவிட்டால் குடல் மாறிவிடுமா என்பாள். அன்று பகலில் தூங்கக் கூடாது, மத்தியானம் வரை சோறு கிடையாது. பின்னேரம் நாங்கள் வெளுத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்திருப்பதைப் பார்த்து, "இப்பதான் பிள்ளையளின்ரை முகத்திலை ஒரு தெளிவு" என்று பூரித்துப்போவாள்.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயதானபோது வம்பு தொடங்கியது. மீசை முளைத்தவன், சீனியர் பரீட்சை பாஸ் பண்ணியவன், வாசனைத் தைலம் பூசி நடுவகிடு எடுப்பவன், இனிமேல் பேதி குடிக்க மாட்டேன் என்றுவிட்டான். அதுகூடப் பரவாயில்லை, பேச்சையும் குறைத்துவிட்டான். அடுப்படியில் அம்மா பின்னாலேயே நின்று ஊர்க்கதையெல்லாம் அளந்தவன் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தான். பிட்டு இன்னும் கொஞ்சம் வைக்கப் போனால் போதும் என்று தட்டை மறைத்தான். அம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "கொண்ணனுக்குப் பூச்சி முத்திப்போச்சு, தவமணி" என்றாள்.

உண்மை எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனிக் கந்தோரில் கிளார்க் வேலைக்கு அண்ணன் மனுப் போட்டிருந்தான். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் அங்கேயே தங்க வேண்டியதுதான். இதை அம்மாவிடம் யார் சொல்வது என்று அப்பாவும் அண்ணனுமாக இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நாளை ஓட்டினார்கள். கடைசியில், வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். அந்த முடிவையும் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றுதான் சொன்னார்.

அம்மாவும் தன் பங்குக்கு ஒரு முடிவு செய்திருந்தாள். திங்கட்கிழமை காலை அண்ணனுக்குக் கொடுத்த மல்லிக் கோப்பியில் அவளுடைய பேதிப் பொடி கலந்திருந்தது. அண்ணன் வேலை நினைப்பில் அதை மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "ஜொகூர் பாருவுக்குப் போட்டு வாறன்" என்று பொய் சொல்லி, கோட்டும் டையுமாகக் கிளம்பினான். ஸ்டேஷன் பக்கம்தான். ஆனால் அம்மாவின் பொடி யாரையும் காக்க வைக்காது. பாதி வழியில் திரும்பி ஓடி வந்தவன், எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியே பிள்ளை, எவ்வளவு கிடந்திருக்குது!"

"அம்மா! கோப்பியிலை என்ன போட்டனீங்கள்?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நல்லதுக்குத்தான் மோனை. அவசரப்படாமல் இரு."

"அலமாக்! ரயில் போயிடும்!"

"ஜொகூர் பாருவுக்கு நாளைக்கும் ரயில் ஓடும்."

"நான் சிங்கப்பூருக்கு அம்மா! வேலைக்கு! கிடைச்சால் இனி அங்கைதான் இருப்பன்!"

இத்தனை நாள் மென்று விழுங்கிய சேதி கடைசியில் கக்கூஸ் கதவுக்குப் பின்னாலிருந்து வெளிவந்தது. அப்பா திடீரென்று தன் சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார். பேதியைக் கட்டும் கைமருந்தும் அம்மாவுக்குத்தான் தெரியும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். ரயில் போய்விடும், வேலை போய்விடும், பிள்ளை வீட்டோடு இருப்பான்.

அம்மா ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பால்கார அய்யாவு வீட்டுக்கு ஓடி, தயிர்ச்சட்டியோடு திரும்பினாள். "இஞ்சருங்கோ, தண்ணி அள்ளுங்கோ!" என்று வாசல் படலையிலிருந்தே கத்தினாள். அப்பா சைக்கிளை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் பாய்ந்தார். வெளியே வந்தவனை இழுத்து நிறுத்தி, கோட்டையும் சட்டையையும் கழற்றச் சொல்லி, தயிரில் உப்பும் தேசிக்காய்ச் சாறும் கலந்து குடிக்க வைத்து, பேதி நிற்கத் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். நடுவகிடு போன இடம் தெரியவில்லை. "குனியடா, எட்டேல்லை!" என்று அதட்டி, தன் முந்தானையாலேயே தலையைத் துவட்டி, கோட்டையும் டையையும் மறுபடி மாட்டிவிட்டாள்.

அப்பா அண்ணனைச் சைக்கிளில் ஏற்றி மிதிக்க, நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் அவன் பக்கத்தில் அன்னாசிக் கூடையோடு ஒரு சீனர். அம்மா ஜன்னலுக்குள் தலையை விட்டு, தனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் செலவழித்து, "தவ்கே, அனாக் சாயா, பெருட் சாக்கிட்!" என்று பிள்ளையின் வயிற்றுக் கோளாறைப் பெட்டி முழுக்க அறிவித்தாள். அந்த மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பலகைக்குப் போய்விட்டார்.

"கிடைக்காட்டி பின்னேர ரயிலுக்கே வந்திடுவன் அம்மா" என்றான் அண்ணன், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"கிடைக்கும்" என்றாள் அவள், கோபமாக.

கிடைத்தது. அடுத்த வாரமே பெட்டி படுக்கையோடு போயும்விட்டான். அன்று அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, ஒளிவு மறைவில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அண்டைக்கு நீங்கள் தயிர் குடுக்காமல் விட்டிருந்தால், அண்ணா இஞ்சைதானே இருந்திருப்பான்?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள் அம்மா. துருவுவதை நிறுத்தவில்லை. "அதுதான் பிள்ளை ஓடினனான். கொஞ்சம் நிண்டு யோசிச்சிருந்தால் குடுத்திருக்க மாட்டன்."